தனிக்கு எழுந்து போகிறவர்

கத்திரி வெயில் பிறந்துவிட்டதைக் காலண்டரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் எங்கள் சாரம் பகுதியில் உண்டு. இராமதாஸ் வீட்டு மாடிக் கொடியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. வருஷம் முழுக்க பீரோவுக்குள் ரசகற்பூர உருண்டை வாசத்தோடு கிடக்கும் மஞ்சள் கரைத் துண்டு ஒன்று, மே மாதத்தில் ஒரு நாள் அந்தக் கொடியில் வந்து தொங்கும். அப்படியென்றால் கோடை இசை விழாவுக்குப் பந்தல்கால் நட்டாயிற்று என்று பொருள். தோளில் போட இல்லை அந்தத் துண்டு. நாற்காலியில் போட. ரயிலடிக்குப் பக்கத்து மண்டபத்தில் அனுமதி இலவசம், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிகள் மட்டும் இலவசம் இல்லை. அவை துண்டு போட்டவருக்கு. மூன்று நாற்காலிகளின் முதுகை வளைத்துப் போட்டால் சரியாக இருக்கும் நீளம். புருஷன், பெண்டாட்டி, மகள்.

மகள் வீட்டை விட்டுப் போன பிறகு அதை மடித்துப் போட்டு இரண்டு நாற்காலி பிடித்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் துண்டு கொடியில் முழு நீளத்துக்குத் தொங்கியது. எதிர்வீட்டு அன்னக்கிளி அதை முதலில் பார்த்தாள். மத்தியானத்துக்குள் தெருவே பார்த்துவிட்டது.

இராமதாஸுக்குச் சங்கீதம் வந்தது மில்லிலிருந்து. தறி ஷெட்டில் நின்று நின்று இடது காது முக்கால்வாசி போயிற்று. மிச்சம் இருந்த காதை வீணாக்கக்கூடாது என்று கச்சேரிக்குப் போக ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, ஞானம் இருந்தது. பாட்டுக்காரர் இரண்டு இழுப்பு இழுத்ததும் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். தப்பாகச் சொன்னால் பாடியவர் மேல்தான் பழி போடுவார். ஆனால் ஒன்று. தனி ஆவர்த்தனம் என்று வரும், பாட்டு நின்றுபோய் மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற பகுதி, அது வந்தால் மனிதர் உட்கார மாட்டார். முதல் தட்டு விழுந்ததும் எழுந்துவிடுவார்.

"பாட்டுதான் நின்னுட்டுதே, வெறும் தாளம். அத நான் தறி ஷெட்டுலயே கேட்டுட்டேன்," என்பார்.

அவர் மட்டும் இல்லை, அநேகமாக மண்டபமே எழுந்துவிடும். பின்பக்கம் வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட கான்டீன். அங்கே கீரை வடை. முதல் தட்டுக்கே எழுந்தவனுக்கு வரிசையில் முதல் இடம். மிருதங்கக்காரர் வேகம் எடுத்த பிறகு எழுந்தவனுக்கு உடைந்த வடை. இராமதாஸ் முதல் தட்டு ஆள். அரைப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து மகள் கலைவாணி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூட ஓடுவாள். வடையைப் பிட்டால் மொறுமொறு ஓரம் அவளுக்கு, நடுவில் உள்ள மெத்து அவருக்கு. பிறகு காபி, பிறகு உள்ளே. கைத்தட்டல் ஓய்ந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்போது மறுபடி நாற்காலியில் இருப்பார்கள்.

கலைவாணி காலாப்பட்டு யூனிவர்சிட்டியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த வருஷம், ஒரு சாயங்காலம், இராமதாஸ் எழுந்து விரலை நீட்டினார். "நீ போப்பா. எனக்கு வேணாம். நான் இதக் கேட்டுட்டு இருக்கேன்," என்றாள். வடையை வேண்டாம் என்ற அன்றே அப்பன் சுதாரித்திருக்க வேண்டும். மனிதர் வரிசையில் இடம் போய்விடும் என்று ஓடினார். மேடையில் அன்றைக்குக் கடம் வாசித்தவன் ஷஃபீக், முல்லா வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஷஹாபுதீன் பாயின் மகன். எல்லாரும் எழுந்துபோன மண்டபத்தில் ஒருத்தி மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் வாசிக்கிறவன் கண்ணில் படாமல் போகுமா? அந்தக் கல்யாணத்துக்குத் தரகர் யார் என்று கேட்டால் கீரை வடையைத்தான் கைகாட்ட வேண்டும்.

பதிவுத் திருமணம். சென்னையில் குடித்தனம். "பானை தட்டறவனுக்கு என் பொண்ணா?" என்று இராமதாஸ் தெரு கேட்கக் கத்தினார். பானைதான் காரணம் என்று கடைசிவரை சாதித்தார். பானைக்கு மதம் கிடையாது; அதனால் அது சொல்லிக்கொள்ள சௌகரியமான காரணம். ஆறு வருஷம் பேச்சு இல்லை. பெண்டாட்டி சந்திரகலா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டுபோய் மாடியில் மறுபடி காயப்போடுவாள், காதில் போனோடு. அது புருஷனுக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள். தெரியாத மாதிரி இருப்பது தன் சாமர்த்தியம் என்று அவர் நினைத்தார்.

அந்த வாரம் இரண்டு பேரும் விடிகாலையில் மாடியில் கூழ் வத்தல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்ட அரிசிக் கூழ் குண்டானில் புகைந்துகொண்டிருந்தது. சந்திரகலா கரண்டியால் எடுத்து, நனைத்து விரித்த பழைய வேட்டியில் வட்டம் வட்டமாக விட்டுக்கொண்டு வந்தாள். இராமதாஸ் வேட்டி மூலைகளுக்குச் செங்கல் வைத்தார். கடல் பக்கம் இருந்து காற்றே இல்லை.

"ஏங்க."

"ம்."

"விழா நோட்டீசப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சனிக்கெழம அந்த மெட்ராஸ்காரம்மா பாடுது. தோடி எடுக்கும்."

"பாட்டுக்காரம்மாவ மட்டுந்தான் பாத்தீங்களா? கீழ பொடி எழுத்துல ஒரு பேரு போட்டிருக்கானே."

"வயசாயிட்டுதில்ல. பொடி எழுத்து தெரியல."

"தெரியாத ஆளுக்கு எதுக்குத் துண்டு முழுசா தொங்குது?"

இராமதாஸ் ஒரு செங்கல்லை எடுத்து, வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தார்.

"வாணியும் வருதாம்," என்றாள் சந்திரகலா.

"உனக்கெப்படித் தெரியும்?"

"காக்கா சொல்லிச்சு."

"வெள்ளிக்கெழம காக்காவா?"

சந்திரகலாவின் கரண்டி நின்றது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "தெரிஞ்சிக்குனே இருந்தீங்களா? நல்ல கல்லுளிமங்கன்."

"இன்னா சொல்லிச்சு காக்கா?"

"அவரு வாசிக்கிறத அப்பா ஒரு தபா உக்காந்து கேக்கட்டும்மா, வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லிச்சு. மன்னிப்பு கின்னிப்பு எதும் வேணாமாம். கேட்டுட்டாருன்னா, கச்சேரி முடிஞ்சி ரெண்டு பேரும் நேரா நம்ப வீட்டுக்கு வந்து தங்கிட்டுப் போறாங்களாம்."

"கேக்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? வருசாவருசம் போயி கேக்கறதுதானே."

"போன எடத்துல எதனா பேசி வைக்காதீங்க."

"கச்சேரில எவன்டி சண்ட போடுவான்? நாற்காலிக்கு வேணா போடுவான்."

கூழ் ஆறிக்கொண்டிருந்தது. அவர் துண்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "அவன்... அவரு இன்னா சாப்புடுவாரு?" என்றார், காக்காயிடம் கேட்கிற மாதிரி.

சந்திரகலா அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. முன்னறை மெத்தை மூன்று நாள் வெயில் தின்றது. ஜன்னல் திரையைத் துவைத்தாள். சனிக்கிழமை காலையில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரம் வாங்குகிறாள் என்றால் வருகிறவர் சாதாரண ஆள் இல்லை என்று அன்னக்கிளி தெருவுக்குப் பொழிப்புரை சொன்னாள். மாங்காய் போட்டுக் கொதித்த குழம்பின் வாசம் மத்தியானம் தெருமுனை வரை வந்து எல்லார் வீட்டுச் சாம்பாரையும் அவமானப்படுத்தியது.

மண்டபத்துக்கு மனிதர் கேட் திறக்கும் முன்பே போய் நின்றார். இஸ்திரி போட்ட ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டு மூன்று நாற்காலிக்கும் படர்ந்தது. பக்கத்தில் கிருஷ்ணசாமி வந்து உட்கார்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மாதம் பிறந்தால் அங்கேயிருந்து பென்ஷன் வருகிறவர்; ஆனால் வடை வரிசையில் இராமதாஸை ஒரு நாளும் முந்தியதில்லை என்பது அவருடைய தீராத குறை.

"இன்னாய்யா, துண்டு நீண்டுகினு போவுது?"

"பொண்ணு வருது."

கிருஷ்ணசாமி உட்கார்ந்தபடியே ராணுவ சலாம் ஒன்று வைத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை. பிறகு, "த்ரே பியான்!" என்றார் பிரெஞ்சில், "நல்லதுய்யா."

திரை விலகுவதற்குக் கொஞ்சம் முன்னால் கலைவாணி வந்தாள். இளைத்திருந்தாள். நெற்றி ஓரத்தில் ஒரு நரை. இராமதாஸ் துண்டை எடுத்துவிட்டு, "உக்காரு. இங்கதான் காத்து வரும்," என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பன் மகளிடம் பேசிய முதல் பேச்சு மின்விசிறியைப் பற்றி.

"உன் காது எப்படிப்பா இருக்குது?"

"ஒண்ணு இருக்குது. அது போதும்."

அம்மாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேடையில் பாட்டுக்காரம்மாவுக்கு இடது பக்கம் வயலின், வலது பக்கம் மிருதங்கம், பின்னால், ஒலிபெருக்கிக் கம்பிகளுக்கு நடுவே, மடியில் கடத்தோடு ஷஃபீக். பாட்டுக்காரம்மா தலை திருப்பினால் மறைந்துபோகிற இடம். அவன் மூன்றாவது வரிசையில் இருந்த இவர்களைப் பார்த்தான். கடத்தின் கழுத்தைத் துணியால் ஒரு தரம் துடைத்தான். கும்பிட்ட மாதிரியும் இருந்தது, துடைத்த மாதிரியும் இருந்தது.

கச்சேரி களை கட்டியது. வெளியே தார் இளகும் சூடு, உள்ளே அந்தம்மா குரலை வழியவிட்டபோது விசிறிக் காற்றே குளிர்ந்தது போல் இருந்தது இராமதாஸுக்கு. தொடையில் தாளம் போட்டார். நடுவில் பழைய நினைவில் மகள் பக்கம் சாய்ந்து, "இன்னா ராகம்?" என்றார்.

சின்ன வயதில் எதைக் கேட்டாலும் அவள் கல்யாணி என்றுதான் சொல்வாள். தெரிந்த ஒரே பெயர் அதுதான். இப்போது மேடையில் தோடி, சந்தேகமே இல்லாத தோடி, பெருகிக்கொண்டிருந்தது.

"கல்யாணி," என்றாள் கலைவாணி, முகத்தைத் திருப்பாமல்.

இராமதாஸ் சிரித்தார். முன் வரிசைக்காரர் திரும்பி முறைக்கிற அளவுக்குச் சிரித்தார். சந்திரகலா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷம் அந்தச் சிரிப்பில் கரைந்துவிட்டது என்றுதான் கிருஷ்ணசாமி கூட நினைத்தாராம்.

"பக்கத்துணையா நல்லா போறாரு," என்றார் இராமதாஸ், மேடையைக் காட்டி. "பாட்ட முந்தல. அடங்கி வாசிக்கிறாரு."

"அடங்காம எப்படிப்பா? இனிமேதான் அவரு முறை வரும்," என்றாள் அவள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நாற்காலி நுனிக்கு வந்தாள். கடக்காரனுக்குக் கச்சேரி முழுக்கப் பாட்டுக்குப் பின்னால் நடக்கிற வேலை. தனியில்தான் அந்த மண்பானை தன் வாயால் பேசும். அதைக் கேட்க வைக்கத்தான் புருஷனை இந்த ஊர்க் கச்சேரியை ஒத்துக்கொள்ள வைத்து, அம்மாவிடம் சொல்லியனுப்பி, இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

ஸ்வரங்கள் பொரிந்து அடங்கின. பாட்டுக்காரம்மா மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். முதல் தட்டு விழுந்தது.

இராமதாஸ் எழுந்தார்.

கால் எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கால்களுக்கு வருஷக்கணக்காக ஒரே வேலை. துண்டை நாற்காலியில் போட்டார். வாய் நிறைந்த சிரிப்போடு மகளைப் பார்த்து, இரு, வரேன் என்று கை காட்டினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது செவிட்டுக் காதுப் பக்கம். மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூட்டத்தோடு கூட்டமாக, கூட்டத்துக்கு முதல் ஆளாக, கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

கான்டீனில் தட்டில் இருந்தது ஆறின வடை. கரண்டிக்காரர் எடுத்து வைக்கப் போனார்.

"இது வாணாம். அடுத்த ஈடு போடு. சூடா நாலு கட்டு."

"மூணுதானே பெரியவரே எப்பவும்? இப்ப கொஞ்ச வருசமா ரெண்டு."

"நாலு. மாப்பிள்ளைக்கு ஒண்ணு."

அந்தச் சொல்லை அவர் வாயில் முதல்முதலாகக் கேட்டது எண்ணெய்ச் சட்டியும் கிருஷ்ணசாமியும்தான்.

"எந்த மாப்பிள்ளைய்யா?" என்று கேட்டார் கிருஷ்ணசாமி.

"உள்ள வாசிக்கிறாரில்ல, கடம். என் மாப்பிள்ளைதான்." மார்பு இரண்டு விரற்கடை முன்னால் வந்தது. "வாணிக்கு ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும். நல்லா வேவட்டும்."

மாவு எண்ணெயில் விழுந்து கொப்பளித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மிருதங்கம் ஓய்ந்து, வேறு ஒரு சத்தம் எழுந்தது. முதலில் மழைக்கு முந்திய ஒற்றைத் துளிகள் மாதிரி. பிறகு ஓட்டு வீட்டு மேல் கொட்டுகிற மழை.

"யோவ், பானை இன்னா பேச்சுப் பேசுதுய்யா!" என்றார் கிருஷ்ணசாமி. "உன் மாப்பிள்ளதானே? போய்க் கேளேன். வடைய நான் வாங்கியாறேன்."

"நீயா? நீ ஓரத்தத் தின்னுட்டு வருவ," என்றார் இராமதாஸ். நல்ல காதைச் சட்டிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். வடை வேகும் சத்தம் மாறும்போது எடுக்கச் சொல்ல வேண்டும்.

பொட்டலம் எண்ணெய்ச் சட்டிச் சூட்டோடு கையில் வந்தபோது உள்ளே கைத்தட்டல் ஓய்ந்து அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. சரியான நேரம். எப்போதும் போல.

மகள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"வாணி எங்க?"

சந்திரகலா மேடையைப் பார்த்தபடியே சொன்னாள். "எழுந்து போயிட்டா."

"ஏன், தலவலியா?"

"நீங்க கதவுக்குப் போற வரைக்கும் பாத்துக்குனே இருந்தா. அந்தப் புள்ளையும் மேடையிலேர்ந்து பாத்துது. அப்பறம் கண்ண மூடிக்குனு வாசிச்சுது. அப்படி வாசிச்சுதுங்க... எனக்குத் தாளம் தெரியாது, நானே கண்ண எடுக்காம கேட்டேன். வாணி முடியற வரைக்கும் உக்காந்து கைத்தட்டுனா. அப்பறம், கேக்கணும்னு மட்டுந்தானேம்மா சொன்னேன்னு சொன்னா. போயிட்டா."

"அவளுக்குத்தான் வடை வாங்க..."

"ஏங்க," என்றாள் சந்திரகலா, "இன்னிக்கி ஒரு நாளு அந்த வடை இல்லாட்டி இன்னா?"

மங்களம் பாடும்வரை இராமதாஸ் உட்கார்ந்திருந்தார். ஷஃபீக் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. திரை விழுந்ததும் பொட்டலத்தோடு மேடைப் படிக்கு ஓடினார். ஷஃபீக் கடத்தைப் பஞ்சு தைத்த பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தான்.

"சூடாத்தான் இருக்குது," என்றார் இராமதாஸ். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "உங்களுக்கும் சேத்துத்தான் வாங்கினேன். நான் எழுந்து போனது வந்து..."

"தெரியும் மாமா." அவன் இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். "வடைக் கதையெல்லாம் வாணி சொல்லியிருக்கா. எல்லா ஊர்லயும் எழுந்துதான் போவாங்க. எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்குத்தான் இன்னும் பழகல."

அதற்கு அவன் திட்டியிருக்கலாம். மாமா என்றல்லவா சொல்லிவிட்டான்.

பாட்டுக்காரம்மாவின் வேன் கேட்டருகே உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரத்தில் கலைவாணி. இராமதாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு வாணி. அம்மா வஞ்சிரம் வச்சிருக்கா. மெத்தைய வெயில்ல போட்டிருக்கா."

"இல்லப்பா. இவங்ககூடவே போயிடறோம்."

"எனக்குக் கோவம் எல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா. அவரு மேல கோவத்துல எழுந்து போவல."

"அது தெரியும்பா." அவள் குரல் கனிவாகத்தான் இருந்தது. "கோவத்துல போயிருந்தா கூடப் பரவால்ல. கோவம் ஒரு நாளு எறங்கிடும். நீ பழக்கத்துல போயிட்ட."

"உனக்குப் புடிக்குமேன்னுதான், ஓரம்..."

"வாணாம்னு நான் சொல்லி ரொம்ப வருசமாச்சு. நீதான் வரிசைக்கு ஓடிட்ட." கம்பியைப் பிடித்த அவர் கைமேல் கொஞ்ச நேரம் கையை வைத்தாள். "வெயில்ல அலையாத. இன்னொரு நாளைக்கி வரோம்பா."

இன்னொரு நாள் என்றால் எந்த நாள் என்று வேன் சொல்லவில்லை. சென்னை போகிற ஈசிஆர் பக்கம் திரும்பிவிட்டது.

மறுநாள் காலை தெருவில் நாலைந்து வீடுகளுக்குக் கிண்ணம் கிண்ணமாக வஞ்சிரக் குழம்பு வந்தது. தடைக்காலத்தில் வந்த மீன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தின்று முடித்துக் கையைக் கழுவிய பிறகுதான் தெரு வாயைத் திறந்தது. மகள் வேண்டுமென்றே வீம்பு பண்ணினாள் என்று ஒரு கட்சி. கிழவர் வேண்டுமென்றே எழுந்து போனார், உள்ளுக்குள் பழைய வெறுப்பு என்று ஒரு கட்சி. வேண்டுமென்று யாரும் எதையும் செய்யவில்லை என்று சொல்ல ஒரு கட்சி இல்லை. அதில் பேச என்ன இருக்கிறது?

சந்திரகலா காய்ந்த வத்தலை வேட்டியிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, பிய்ந்துபோகாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். "விழா கடைசி நாளு. போலயா?" என்றாள்.

"நீ?"

"எனக்கு வேல இருக்குது. நீங்க போங்க."

போனார். கேட் திறந்ததும் போய்த் துண்டை மூன்று நாற்காலிக்கும் போட்டு நடுவில் உட்கார்ந்தார். யாரோ வந்து, "ஆள் வருதா?" என்று கேட்டதும் துண்டை நீவிச் சரிசெய்தார். கும்பகோணத்திலிருந்து வந்தவர் ஒருவர் பாடினார். காம்போதி பிரமாதம் என்றார்கள். தொடையில் அவர் கை அசையவில்லை.

முதல் தட்டு விழுந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. கிருஷ்ணசாமி எழுந்து, வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கு முன்னால் யாரும் இல்லை என்பதைக் கண்டு திடுக்கிட்டுத் திரும்பினார்.

"யோவ், வாய்யா. ஈடு போயிடும்."

இராமதாஸ் வரவில்லை என்று தலையை ஆட்டினார்.

மண்டபம் காலியாயிற்று. விசிறிகள் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசின. மிருதங்கம் முடித்துக் கடத்துக்கு விட்டது. வாசித்தவர் யாரோ நடுவயதுக்காரர், பெயர்கூடப் பார்த்து வைத்திருக்கவில்லை. இராமதாஸ் நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். தறிச் சத்தம் மாதிரி இல்லை அது. ஒரு விரல் தட்டியதற்கு மற்ற விரல் பதில் சொன்னது. கடத்தின் வயிற்றில் ஒரு பேச்சு, கழுத்தில் ஒரு பேச்சு. தறிக்கு எதிராளி கிடையாது. இது யாரையோ பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்படித்தான் நேற்றும் இருந்திருக்கும். இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

வாசித்தவர் நடுவில் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு பெரிய மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பதைக் கண்டு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முழுக்க அவரைப் பார்த்தே வாசிக்க ஆரம்பித்தார். தனக்குச் சேராத மரியாதை அது என்று இராமதாஸுக்குத் தெரிந்தது. கடைசித் தீர்மானம், தனியை முடித்துவைக்கிற அடி, விழுந்ததும் எழுந்து நின்று கைத்தட்டினார். ஒற்றை ஆளின் கைத்தட்டல் அந்த மண்டபத்தில் பொத்துப் பொத்தென்று கேட்டது.

வேப்பமரத்தடியில் கிருஷ்ணசாமி முழு வடையோடு நின்றிருந்தார். முதல் இடம் கிடைத்தும் ருசிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். எங்கே உங்க கூட்டாளி என்று கரண்டிக்காரர் கேட்டார். இராமதாஸுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.